கணீர், டொக்: கரும்பொருளைக் காதால் தேடும் கதை

கொஞ்சம் நீளமான இழை. ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு உட்கார்ந்து படிங்க. மருத்துவம் கொஞ்சம், இயற்பியல் நிறைய, நடுவுல நம்ம ஊர்ப்பக்கம்.

ஆம்பூரில் என் கிளினிக்குக்கு ஒரு பெரியவர் மாசாமாசம் வருவார். எழுபதைத் தாண்டியவர். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடினதும் மகள் வீட்டுக்கு வந்துட்டார். மகள் இங்க ஷூ கம்பெனியில் தையல் வேலை.

அவர் நெஞ்சுக்குள்ள கல்தூசி. சிலிகோசிஸ். ஆனா அந்தப் பெயரை அவர் கேள்விப்படுறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை டிபி மருந்து முழுக் கோர்ஸ் சாப்பிட்டு முடிச்சிருந்தார். சளியில் கிருமி இருந்ததான்னு கேட்டா, இல்லை. எங்கே, யார் கொடுத்தாங்கங்கிறது இங்க வேண்டாம். எக்ஸ்ரேயில் ரெண்டும் பல சமயம் ஒரே மாதிரி புள்ளி புள்ளியாத்தான் தெரியும். கண்ணை மட்டும் நம்பினா யாரும் ஏமாறுவாங்க, நானும்தான்.

ஒருநாள் அவர் முதுகில் விரலை வச்சுத் தட்டிப் பார்த்துட்டு இருந்தேன். பெரியவர் சிரிச்சார்.

"நாங்களும் இதத்தான் சார் பண்ணோம். உள்ள போனதும் கம்பியால மேல்கல்லைத் தட்டிப் பாப்போம். கணீர்னா நல்ல கல்லு. டொக்குன்னா விட்டுப்போன கல்லு. டொக்குன்னு கேட்டா அங்க நிக்கக்கூடாது."

இதே தட்டிக் கேட்கிற வேலையைத்தான் இன்னிக்கு உலகத்தில் சில விஞ்ஞானிகள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து செய்யறாங்க. தேடுறது, பிரபஞ்சத்தில் இருக்கிற பொருளில் ஆறில் ஐந்து பங்கை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த இழை.

முதல்ல தட்டுறதைப் பத்தி ரெண்டு வரி. நெஞ்சைத் தட்டி நோய் கண்டுபிடிக்கலாம்னு 1761இல் எழுதினவர் லியோபோல்ட் ஆவன்ப்ரூகர், ஆஸ்திரிய டாக்டர். அவங்க அப்பா சத்திரம் நடத்தினவர். பீப்பாயைத் தட்டி உள்ள எவ்வளவு மது மிச்சம்னு பார்க்கிறதை மகன் சின்ன வயசுலயே கவனிச்சிருந்தார்னு சொல்வாங்க. 1816இல் பாரிஸில் லென்னெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளி நெஞ்சில் வச்சார். ஸ்டெதஸ்கோப் அப்படி வந்தது. அதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம ஊர்ச் சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கினாங்க. பறையை நெருப்பில் காட்டி, தோல் இறுகுச்சான்னு விரலால தட்டிக் கேட்கிறவருக்கு ஆவன்ப்ரூகர் புதுசா எதுவும் சொல்லிட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆம்பூரில் ரயில் ஏறி, வாணியம்பாடி தாண்டி, ஜோலார்பேட்டையில் பெங்களூர்ப் பாதையில் திரும்பி, பங்காருபேட்டையில் இறங்குங்க. அங்கிருந்து ஒரு கிளைப் பாதை போகும். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம்னு ஸ்டேஷன் பேர். சுரங்கங்களோட பேர்தான் பாதிக்குப் பாதி ஸ்டேஷன் பேராச்சு. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து ஆழமாத் தோண்ட ஆரம்பிச்சப்போ, உள்ள இறங்க ஆள் வேணும். பெரும்பாலும் போனவங்க அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் தமிழர்கள். அதிலும் பெரும்பகுதி நிலமில்லாத, சேரியிலிருந்து கிளம்பின ஆட்கள். ஊரில் பண்ணையில் தலை குனிஞ்சு நிக்கிறதை விட, பூமிக்குள்ள போறது மேல்னு தோணினவங்க. நம்ம வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் விசாரிச்சா, அங்க போன தாத்தா ஒருத்தராவது இருக்கிற குடும்பம் இன்னிக்கும் கிடைக்கும்.

அந்த ஆட்கள் தோண்டின பள்ளம் மூணு கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டிப் போச்சு. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காம பாறை வெடிச்சுச் சிதறும். ராக் பர்ஸ்ட்னு அதுக்குப் பேர். அதில் எத்தனையோ உயிர் போயிருக்கு. பின்னாளில் பாறைக்குள்ள ஜியோஃபோன் பதிச்சு, வெடிக்கும் முன்னாடி அது எழுப்புற சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்கிற ஏற்பாடும் வந்தது. தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் 1988இல் கே.ஜி.எஃப்.பில் தொடங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பள்ளத்தின் மேல இன்னொரு கூட்டத்துக்கும் கண் இருந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள். ஹோமி பாபா 1950களின் தொடக்கத்திலேயே பி.வி. ஸ்ரீகண்டனை அங்க அனுப்பியிருந்தார். எதுக்கு? வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் நம்ம மேல விடாம பொழிஞ்சிட்டே இருக்கு. அதில் மியூவான்னு ஒரு துகள். உங்க உள்ளங்கையை நீட்டினா, அதன் வழியா நொடிக்கு ஒண்ணாவது போயிட்டே இருக்கும். அது பாறையில் எவ்வளவு ஆழம் வரைக்கும் போகும்னு அளக்கணும். அதுக்கு ஏணி மாதிரி பல ஆழங்களில் நின்னு பார்க்க ஒரு இடம் வேணும். கே.ஜி.எஃப். அப்படிப்பட்ட ஏணி.

1960களின் தொடக்கத்தில் மியாகே, வி.எஸ். நரசிம்மன், பி.வி. ரமணமூர்த்தி மூணு பேரும் ஒவ்வொரு நிலையா இறங்கி எண்ணினாங்க. இறங்க இறங்க எண்ணிக்கை குறைஞ்சது. கடைசி நிலையில் கருவியை வச்சு சுமார் ரெண்டு மாசம் காத்திருந்தாங்க. ஒண்ணுகூட வரலை. பூஜ்யம்.

வேற யாரா இருந்தாலும் மூட்டை கட்டிட்டுப் போயிருப்பாங்க. இவங்களுக்கு அந்த அமைதிதான் பொக்கிஷமாப் பட்டது. இவ்வளவு நிசப்தமான இடத்தில், பூமியையே துளைச்சுப் போகிற நியூட்ரினோ எப்பவாவது ஒண்ணு மோதினா, அது தனியாத் தெரியுமே! டாட்டா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலை, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலை மூணும் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வச்சாங்க. 1965இல் வளிமண்டல நியூட்ரினோ பிடிபட்டது. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒண்ணில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவும் அதே வருஷம் பிடிச்சது. ரெண்டு கட்டுரையும் அதே ஆகஸ்டில் வந்தது. சில நாள் முந்தினது நம்ம பக்கத்துச் சுரங்கம்.

அந்தக் கட்டுரையில் விஞ்ஞானிகள் பேர் இருக்கு. இருக்க வேண்டியதுதான். இரும்புத் தகடுகளையும் கருவிகளையும் கூண்டில் ஏற்றி இறக்கின, கல்லைத் தட்டிப் பார்த்து "இங்க வைக்கலாம் சார்" னு சொன்ன கைகள் இல்லாம அந்த அறையே இல்லை என்பதையும் நாம சேர்த்துப் படிச்சுக்கணும்.

நம்ம பெரியவருக்கு அது அவங்க அப்பா காலம். அவர் பார்த்தது 1980களில், அதே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த அடுத்த சோதனை. புரோட்டான் என்னிக்காவது தானா சிதையுமான்னு தேடினது. "இரும்பு ரூமுக்குள்ள ராப்பகலா லைட்டு எரியும் சார். எதையோ பாக்கறாங்கன்னு தெரியும். என்னன்னு கேட்டா நமக்குப் புரியாதுன்னு கேக்கல" ன்னார். கேட்டிருக்கலாம். அந்த ஆபீஸர்களுக்கும் சொல்லத் தோணியிருக்கலாம்.

இப்போ கரும்பொருள், அதாவது டார்க் மேட்டர்.

1933இல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி ஒரு விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்தார். அதில் இருக்கிற ஒவ்வொன்றும் ஓடுற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியற பொருளோட ஈர்ப்பு அதைப் பிடிச்சு வைக்கப் பத்தவே பத்தாது. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் சுழலும் விண்மீன் மண்டலங்களை அளந்தப்போவும் அதே கணக்குதான் இடிச்சது. ஒளி விடாத, ஒளியை மறைக்காத ஏதோ ஒண்ணு சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்கு இருக்கு. அது துகள்னா, இந்த வரியைப் படிக்கும்போதே உங்க உடம்பு வழியாப் போயிட்டு இருக்கும். மோதாது. எப்பவாவது ஒரு அணுக்கருவை லேசா இடிச்சா உண்டு. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயைத் தொட்ட மாதிரி ஒரு சின்ன நகர்வு. அந்த நகர்வைப் பிடிக்கணும்.

அதுக்குத்தான் ஆழம். மியூவான் மழைக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் பாறையைக் குடையாப் பிடிக்கணும். இதுவரைக்கும் கே.ஜி.எஃப். கதைதான். ஆனா இங்க ஒரு புது எதிரி வர்றான். வெளியிலிருந்து இல்லை, உள்ளேயிருந்து.

யுரேனியமும் தோரியமும் எல்லாத்திலும் துளியூண்டு இருக்கு. பாறையில், கண்ணாடியில், இரும்பில், உங்க வீட்டுச் சுவரில். அது சிதைஞ்சு ரேடான் வாயு வரும், அது ஆல்ஃபா துகளை வீசும். எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் நீங்க எடுத்துட்டுப் போன கருவிக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும். ஆபரேஷன் தியேட்டரை எவ்வளவு சுத்தம் பண்ணாலும், நோயாளியோட தோலிலேயே கிருமி இருக்கிற மாதிரி.

இந்த இடத்தில் ஒரு பழைய கருவி திரும்ப வருது.

மைக்ரோவேவில் வழவழப்பான கப்பில் தண்ணி சுட வச்சிருக்கீங்களா? சில சமயம் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காம அமைதியா இருக்கும். ஸ்பூனைப் போட்டதும் குபீர்னு பொங்கி முகத்தில் அடிக்கும். இப்படிச் சுட்டுக்கிட்டு வர்றவங்களுக்கு நான் மருந்து போட்டிருக்கேன். ஜாக்கிரதையா இருங்க, மரக்குச்சி ஒண்ணு போட்டுச் சூடு பண்ணுங்க. அந்த அமைதியான நிலைக்குப் பேர் மிகைச்சூடு. கொதிக்கத் தயாரா இருக்கு, ஆனா முதல் குமிழிக்கு ஒரு தூண்டுதல் வேணும்.

1952இல் மிச்சிகன் பல்கலையில் டொனால்ட் கிளேசர்ங்கிற இளைஞர், மிகைச்சூட்டில் இருக்கிற ஈதரில் ஒரு துகள் புகுந்தா அதுவே தூண்டுதலாகி வழி நெடுகக் குமிழி வரும்னு காட்டினார். குமிழி அறை. 1960இல் நோபல். பீர் கிளாஸைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததுன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. யோசனை அதிலிருந்து வரலை, ஆனா பீரை வச்சுச் சோதனை செஞ்சு பார்த்தது உண்மைன்னு அவரே பின்னாளில் சொல்லிட்டார்.

எனக்குப் பிடிச்ச துணுக்கு வேற. கிளேசர் தன் முதல் அறைகளில் குமிழி வெடிக்கிற சின்ன 'ப்ளிங்க்' சத்தத்தை ரெக்கார்டு ப்ளேயரோட ஊசி முனை பிக்கப்பை வச்சுக் கேட்டார். சத்தம் கேட்டதும் ஃப்ளாஷ் அடிச்சு போட்டோ எடுக்கும். அதாவது சத்தம் வெறும் வாசல் மணி. யார் வந்திருக்காங்கன்னு பார்க்கிறது கண்ணோட வேலை. அடுத்த முப்பது வருஷமும் கண்தான் ஆண்டது. லட்சக்கணக்கான போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணா மேசையில் வச்சு அளந்தாங்க. மின்னணுக் கருவிகள் வேகம் பிடிச்சதும் குமிழி அறைகள் 1980களில் ஓரங்கட்டப்பட்டன.

காதை முழுசாத் திரும்பக் கொண்டு வந்த கதையில் ஒரு ஒலியியல்காரர் இருக்கார், யேல் பல்கலையின் ராபர்ட் ஆப்ஃபெல். 1979இல் அவர் மிகைச்சூட்டுத் திரவத்தைப் பெரிய அறையில் வைக்காம, சின்னச் சின்னத் துளிகளாக்கி ஜெல்லுக்குள்ள மிதக்க விட்டார். ஒரு துளி வெடிச்சா மத்தது அப்படியே இருக்கும். நியூட்ரான் அளக்கிற எளிய கருவி. அவரோட சேர்ந்து வேலை செஞ்சவர்களில் கல்கத்தா போஸ் நிறுவனத்தின் எஸ்.சி. ராய் ஒருத்தர். அவர் வழியா அந்த வித்தை கல்கத்தாவில் வேர் பிடிச்சது. இது பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கனடாவில் சட்பரி ஊருக்குப் பக்கத்தில் கிரெய்ட்டன் நிக்கல் சுரங்கம். இரண்டு கிலோமீட்டர் கீழே ஸ்நோலேப். அங்க பிக்காசோன்னு ஒரு சோதனை. மாண்ட்ரியல் பல்கலையின் விக்டர் ஸாசெக் முன்னணியில் இருந்தவர். ஜெல்லில் மிதக்கிற பெர்ஃப்ளூரோபியூட்டேன் துளிகள். சிகரெட் லைட்டரில் இருக்கிற பியூட்டேனோட உறவு, ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளூரின். அதன் கொதிநிலை பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழே. அதாவது அறை வெப்பத்தில் வாயுவா இருக்க வேண்டியது. ஜெல்லுக்குள்ள மாட்டிக்கிட்டதால திரவமா முறுக்கிக்கிட்டு நிக்குது. பாத்திரச் சுவரில் பீஸோ சென்சார்கள். நம்ம ஸ்கேன் சென்டரில் வயித்து மேல ஜெல் தடவி ஓட்டுற கருவிக்குள்ள இருக்கிறதும் பீஸோ படிகம்தான். அங்கேயும் ஜெல், இங்கேயும் ஜெல்!

இந்தத் திரவத்தில் ஒரு வசதி. எலக்ட்ரான், காமா கதிர் மாதிரி பரவலா ஆற்றல் விடுறதை அது கண்டுக்காது. குமிழி வரணும்னா ரொம்பச் சின்ன இடத்தில் ரொம்ப ஆற்றல் விழணும். அணுக்கரு இடி வாங்கினா விழும். ஆல்ஃபாவுக்கும் விழும். பிரச்சினை அங்கதான். குமிழியைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. ஏன்னா, துகள் தர்றது முதல் பொறி மட்டும். அதுக்கப்புறம் குமிழி வளர்றது திரவத்தில் ஏற்கனவே இருக்கிற வெப்பத்தால. தீக்குச்சியால கொளுத்தினாலும் லைட்டரால கொளுத்தினாலும் வைக்கோல்போர் ஒரே மாதிரிதான் எரியும். சாம்பலைப் பார்த்து எது கொளுத்தினதுன்னு சொல்ல முடியுமா? அதனால சத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைக்கிறது இயல்பு.

2008இல் பிக்காசோ குழு ஒரு கட்டுரை போட்டது. நியூட்ரானை விட்டு வாங்கின சத்தங்களையும் ஆல்ஃபா எழுப்பின சத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்திருக்காங்க. ஒண்ணா இல்லை. ஆல்ஃபாவோட சத்தம் பெரிசு. மிகைச்சூட்டுத் திரவத்தில் இந்த வித்தியாசம் தெரிஞ்சது அதுதான் முதல் தடவை.

ஏன் அப்படி? அவங்க சொன்ன விளக்கம் இது. இடி வாங்கின அணுக்கரு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம் நகர்ந்து நின்னுடும். ஒரே ஒரு குமிழி முளை. ஆல்ஃபா அப்படியில்லை, சுமார் நாற்பது மைக்ரான் ஓடும், தலைமுடித் தடிமனில் பாதி. அந்த வழி நெடுகப் பல முளைகள் ஒரே நேரத்தில் கிளம்பும். சீக்கிரமே எல்லாம் சேர்ந்து ஒரே குமிழி ஆயிடும். கேமரா பார்க்கிறது அந்தச் சேர்ந்த குமிழியை. ஆனா சத்தத்தின் முக்கியமான பகுதி, நம்ம காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில், முளை விடுற ஆரம்பக் கணத்திலேயே கிளம்பிடுது. குமிழி தன் பிறப்பை மறக்கிறதுக்கு முன்னாடி.

கண் போய்ச் சேரும்போது தடயம் அழிஞ்சிருக்கு. காது முன்னாடியே அங்க இருந்திருக்கு.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது ஸ்டெத்தை வச்சு மர்மரைக் கேட்டுட்டு, "எந்த நேரத்தில் வருது, முன்னாடியா பின்னாடியா?" ன்னு பேராசிரியர் கேட்டு உயிரை எடுப்பார். சத்தம் இருக்குங்கிறதோட நிக்கக்கூடாது, எந்தக் கணத்தில் எவ்வளவு பெரிசுன்னு கேட்கணும். இந்தக் கட்டுரையைப் படிச்சப்போ எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

அந்தப் பக்கம் அமெரிக்காவில் சிகாகோவின் ஹுவான் கொயார், ஃபெர்மிலேப் ஆட்கள் சேர்ந்து கூப்னு இன்னொரு சோதனை நடத்திட்டு இருந்தாங்க. துளியும் ஜெல்லும் இல்லாம, கிளேசர் பாணிக் குமிழி அறையே. பழைய அறைகளில் சுவரின் கீறல்களிலேயே கொதி கிளம்பிடும் என்பதால் நொடிக்கும் குறைவான நேரம்தான் மிகைச்சூட்டில் நிறுத்த முடியும். இவங்க வழுவழுப்பான சிலிக்கா பாத்திரத்தில் நிமிஷக்கணக்கா, மணிக்கணக்கா நிறுத்தினாங்க. இவங்களும் பீஸோவை ஒட்டிக் கேட்டாங்க. அறை பெரிசு, ஜெல் தடை இல்லை, அதனால பிரிவு இன்னும் தெளிவு. ஆல்ஃபாவில் 99 சதவீதத்துக்கும் மேல காதாலேயே ஒதுக்க முடிஞ்சது. பிறகு ரெண்டு குழுவும் சேர்ந்து பிகோ ஆச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. நியூட்ரானோட சத்தம் கரும்பொருள் எழுப்பும்னு நாம எதிர்பார்க்கிற சத்தம் மாதிரியேதான். ரெண்டும் அணுக்கருவை இடிக்கிற வேலைதானே. காது அங்க உதவாது. அதுக்குச் சுற்றிலும் தண்ணித் தொட்டி கட்டித் தடுக்கணும். நியூட்ரான் பல தடவை மோதி ஒரே நேரத்தில் ரெண்டு மூணு குமிழி விட்டா, அதை வச்சு ஒதுக்கணும். கரும்பொருள் ரெண்டு தடவை மோதுற அளவுக்கு நமக்கு அதிர்ஷ்டம் கிடையாது.

ஆல்ஃபாவை ஒதுக்கியாச்சு, நியூட்ரானுக்கும் கணக்கு வச்சாச்சு. அப்பவும் பிகோவின் ஆரம்பச் சோதனைகளில் சில குமிழிகள் மிஞ்சின. சத்தம் கிட்டத்தட்ட எதிர்பார்த்த மாதிரியே. "கண்டுபிடிச்சிட்டோம்" னு பத்திரிகையைக் கூப்பிட ஆசை வர்ற கணம். அவங்க கூப்பிடலை. குமிழிகள் வந்த நேரத்தைப் பார்த்தாங்க. கரும்பொருள்னா நேரம் பார்த்து வராது, சீரா எப்ப வேணா வரும். இதுவோ முந்தைய குமிழிக்கும் அடுத்ததுக்கும் நேரத் தொடர்போட வந்தது. பாத்திரத்துக்குள்ள நுண்ணிய தூசு, நீர்த்துளி. பிரிச்சு, கழுவி, திரும்ப ஓட்டினாங்க. போயிடுச்சு.

2017இல் 52 கிலோ பெர்ஃப்ளூரோபுரொப்பேன் திரவத்தோட பிகோ-60 தன் முடிவைச் சொன்னது. 1167 கிலோ-நாள் கேட்டிருக்காங்க. கரும்பொருள் மாதிரி ஒலிச்ச குமிழி எத்தனை? பூஜ்யம்.

கே.ஜி.எஃப்.பின் அடியில் ரெண்டு மாசம் கேட்ட அதே பூஜ்யம். கரும்பொருள் இன்னும் கிடைக்கலை. ஆனா அது இப்படி இப்படி இருக்காதுன்னு ஒரு பெரிய பரப்பையே அடிச்சு அழிச்ச பூஜ்யம் அது. புரோட்டானின் தற்சுழற்சியோடு உறவாடுற வகைத் துகளைத் தேடினவர்களில் அன்னிக்கு முன்னணி அவங்கதான்.

இப்போ கல்கத்தாவை ஞாபகம் வச்சிருக்கீங்களா?

எஸ்.சி. ராயிடம் படிச்ச மாலா தாஸ், சாஹா அணு இயற்பியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பிக்காசோவின் பிந்தைய கட்டுரைகளிலும் பிகோவிலும் அவர் பேரும் சாஹா நிறுவனத்தார் பேரும் இருக்கு. கனடாச் சுரங்கத்தில் கேட்ட சத்தத்தைப் பிரிச்சுப் படிச்சவங்களில் நம்ம ஆட்களும் உண்டு. அவங்க அந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டு வந்தாங்க. 2017இல் ஜார்க்கண்டின் ஜாதுகோடாச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், சாஹா நிறுவனம் ஒரு சின்ன ஆய்வகம் திறந்தது. அங்க நடக்கிற கரும்பொருள் சோதனைக்கு இன்டெக்ஸ்னு பேர். திரவம்? ஆர்-134ஏ. உங்க கார் ஏசியில் அடிக்கிற அதே கேஸ்! அதைத் துளியாக்கி ஜெல்லில் விட்டு, பக்கத்தில் சென்சார் வச்சுக் கேட்கிறாங்க.

ஜாதுகோடா யுரேனியச் சுரங்கம். ஆல்ஃபா எழுப்புற சத்தத்திலிருந்து தப்பிக்க நினைக்கிறவங்க யுரேனியத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டியிருக்கு. சுற்றியிருக்கிற ஆதிவாசி கிராமங்களின் உடல்நலம் பத்திப் பல வருஷமா எழுப்பப்படும் கேள்விகள் வேற. அதுக்குத் தனி இழை எழுதணும்.

ஏன் அங்க போகணும்? 2.3 கிலோமீட்டர் எங்க, 555 மீட்டர் எங்க? கே.ஜி.எஃப். சோதனைகள் 1990களின் தொடக்கத்திலேயே நின்னு போச்சு. 2001இல் சுரங்கத்தையே மூடினதும் பம்ப் நின்னு, தண்ணி ஏறிடுச்சு. தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வழக்கு, மக்கள் எதிர்ப்பு, மாநில அரசின் எதிர்ப்புன்னு அது நின்னு போயிருக்கு. மலையைக் குடைய வேண்டாம்னு சொல்றவங்க கவலையை நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் ஆதங்கம் வேற. ஏற்கனவே குடைஞ்சு, ஆளைக் கொடுத்து, உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பள்ளம் நம்மகிட்ட இருந்தது. அதைத் தண்ணியில் விட்டோம். தங்கம் கட்டுப்படியாகலைங்கிற கணக்கில் அந்த அமைதிக்கு யாரும் விலை போடலை.

போன மாசம் பெரியவர் வந்தப்போ இந்தக் கதையைப் பாதி சொன்னேன். குமிழி, சத்தம், எல்லாம். கவனமாக் கேட்டார். "அப்ப அந்த ஆபீஸருங்களும் தட்டித்தான் பாக்கறாங்க" ன்னார். பிறகு கேட்டார், "கிடைச்சுதா சார்?"

இன்னும் இல்லைன்னேன்.

"டொக்கு எல்லாத்தையும் கழிச்சுட்டாங்கல்ல. அப்ப கிடைக்கும்."

ஆக்சிஜன் அளவு பார்த்தேன், 91. இன்ஹேலர் மாத்தி எழுதினேன். சிலிகோசிஸ் உள்ளவங்களுக்கு டிபி வரும் அபாயமும் அதிகம், அதனால இந்தத் தடவை சளியை முறையா ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். நெகட்டிவ்.

உங்க வீட்டிலும் கே.ஜி.எஃப்.பிலோ, கல்குவாரியிலோ, கல் உடைக்கிற மெஷினிலோ வேலை பார்த்தவங்க இருந்து, இருமலோ மூச்சு வாங்குறதோ இருந்தா, டாக்டர்கிட்ட உட்கார்ந்ததும் முதல் வாக்கியமா அந்த வேலையைச் சொல்லுங்க. எத்தனை வருஷம்னும் சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் சொல்லுங்க. எக்ஸ்ரே அதைச் சொல்லாது.